வலது தோள் இறங்கிய பொம்மை

டெய்லர் அக்காவுக்கு ஆட்களின் முகம் அவ்வளவாக நினைவில் நிற்காது. தோள்தான் நிற்கும். கடை வாசலில் யாராவது வந்து நின்றால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதலில் தோளைப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான், "அட, நீங்களா? வாங்க" என்பாள்.

"இவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தா புருஷனைக்கூட சட்டை அளவை வச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிச்சிருப்பா" என்று பக்கத்துக் கடை சலூன்காரர் கேலி செய்வார்.

"ஆகலையே! எவனோ ஒருத்தன் தப்பிச்சான்" என்று அவளும் விடாமல் திருப்பிக் கொடுப்பாள்.

கல்யாணம் ஆகாததற்குக் காரணம் தம்பி. அம்மா கண்ணை மூடியபோது அவன் தவழ்கிற குழந்தை. அப்பா அதற்கு முன்பே வீட்டை மறந்து போனவர். வெட்டுத் துணி போட்டு வைக்கும் அட்டைப் பெட்டிதான் அந்தப் பிள்ளைக்குத் தொட்டில். மெஷின் ஓடினால் தூங்குவான், நின்றால் வீறிட்டு அழுவான். அவன் தூக்கம் கலையக் கூடாது என்பதற்காகவே, தைக்க ஒன்றும் இல்லாதபோதும் வீண் துணியில் கோடு கோடாகத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் அந்தச் சின்னப் பெண். பெற்றவள் செய்வாளா அப்படி? அவளைக் கேட்டு வந்த வரன்களையெல்லாம், "இவனை யார் பாத்துப்பா?" என்ற ஒரே கேள்வியால் திருப்பி அனுப்பினாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்தான். தெருக்கோடியில் பழைய இரும்பு குடோன் வைத்தான், மனைவி வந்தாள், மகள் பிறந்தாள். "அத்தை, அத்தை" என்று அந்தக் குட்டி கடைக்கு ஓடி வரும்போதெல்லாம் டெய்லர் அக்காவுக்கு வாழ்க்கை தன்னை ஏமாற்றிவிடவில்லை என்று தோன்றும்.

குடோனில் செம்புக் கம்பி திருட்டுப் போனது. தம்பி எங்கிருந்தோ ஒரு நாயைப் பிடித்து வந்தான். கறுப்பு. கன்றுக்குட்டி உயரம். அதற்கு அவன் வைத்த பெயர் மேனேஜர். "உள்ள மேனேஜர் இருக்கார், பாத்து வாங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அந்த நாய் குரைத்து யாரும் கேட்டதில்லை. வாசலில் படுத்தபடி, போகிறவர்கள் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண் சிமிட்டுவதைக்கூடப் பார்த்ததில்லை என்றார் சலூன்காரர். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் இதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

ஒரு நாள் தம்பி கடைக்கு வந்து மேஜை மேல் ஏறி உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு ஆள் தைச்சுக் குடு."

"என்னது?"

"ஆள்க்கா. துணிப் பொம்மை. தலை, கை, உடம்பு எல்லாம் வச்சு நிஜ ஆள் உசரத்துக்கு. மேனேஜர் விளையாடறதுக்கு."

"ஏன்டா, உன் பொண்ணு பொம்மை கேட்டு அழுதுட்டுக் கிடக்கா. அவளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்க உனக்கு மனசு வரல, நாய்க்குப் பொம்மையா?"

"அவளுக்கும் வாங்கறேன், விடு. இது கெட்டித் துணியில இருக்கணும். மேனேஜர் பல்லைப் பத்தி உனக்குத் தெரியாது."

"அளவு?"

"பொம்மைக்கு என்னக்கா அளவு? ஏதோ ஒரு ஆள்."

வினை அங்கேதான் நுழைந்தது. 'ஏதோ ஒரு ஆள்' என்று ஒருவன் டெய்லர் அக்காவின் உலகத்தில் கிடையாது. அளவில்லாமல் அவள் கத்திரி ஓடாது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரின் அளவையும் பழுப்புக் காகிதத்தில் வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருப்பாள். அன்று மேஜை மேல் ஒரு காகிதம் ஏற்கெனவே விரிந்து கிடந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு அப்போதுதான் சீருடை வெட்டி முடித்திருந்தாள். சாம்பல் நீலத்தில் முரட்டுத் துணி, மிச்சமும் நிறைய இருந்தது.

சிலிண்டர்காரருக்கு வலது தோள் இறங்கியிருக்கும். சுமந்து சுமந்து அப்படி ஆகிவிட்டது. கடையில் விற்கும் சட்டை எதுவும் அவருக்கு நேராக நிற்காது. "அக்கா, ஒரு பக்கம் சரிஞ்ச ஆளுன்னு எவனும் சொல்லிடக் கூடாது, அப்படித் தைச்சுக் குடுங்க" என்று கூச்சத்தோடு கேட்பார். காகிதத்தில் அவர் தோளை உள்ளது உள்ளபடி இறக்கி வெட்டி, சட்டைக்குள் பஞ்சு வைத்து அந்தப் பக்கத்தை நிமிர்த்திவிடுவாள் அவள். அந்தச் சட்டையைப் போட்டதும் மனிதர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பெருமிதம் இருக்கிறதே!

கைக்கு வந்த காகிதத்தைக் கைக்கு வந்த துணி மேல் பரப்பினாள். சாக்பீஸ் ஓடியது, கத்திரி ஓடியது. மனம் வேறெங்கோ இருந்தது. பொம்மைதானே என்று தோளுக்குப் பஞ்சு வைக்கவில்லை. பெட்டியிலிருந்த வெட்டுத் துணிகளை அள்ளி வயிற்றிலும் நெஞ்சிலும் திணித்தாள். முகம் மட்டும் வைக்கவில்லை. முகம் அவளுக்கு எங்கே நினைவிருக்கிறது?

பொம்மை போனது, திரும்பி வந்தது. கழுத்தில் கிழிசல். தைத்துக் கொடுத்தாள். மறுபடி வந்தது. மறுபடி கழுத்து. கையையோ காலையோ அந்த நாய் தொடவே இல்லை. கழுத்துக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்து, அதை அவளே ஒரு மத்தியானம் குடோனுக்கு எடுத்துப் போனாள்.

தம்பி பொம்மையை ஒரு தூணில் சாய்த்து வைத்துவிட்டு விலகினான். அவ்வளவுதான். நாய் எழுந்தது. அவசரமே இல்லை. சத்தமும் இல்லை. பொம்மையைச் சுற்றி நடந்து, தோள் இறங்கிய பக்கத்தில் வந்து நின்றது. நின்று, ஏதோ யோசிப்பது போல் பார்த்தது. அடுத்த கணம் பொம்மை தரையில் கிடந்தது, கழுத்திலிருந்து துணித் துண்டுகள் வண்ணம் வண்ணமாகப் பிதுங்கின.

"சபாஷ் மேனேஜர்!" என்று தம்பி கைதட்டி ஒரு துண்டு இறைச்சியைப் போட்டான்.

நாய் அதை உடனே தின்னவில்லை. டெய்லர் அக்காவிடம் வந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. தைத்த கையைத் தெரிந்துகொண்ட மாதிரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"டேய், இதைச் சங்கிலியில போடு."

"சங்கிலி போட்டா மேனேஜர் எப்படிக்கா ரவுண்ட்ஸ் போவார்?"

"விளையாடாதடா. ஆளைக் கடிச்சிட்டா?"

"கடிக்கட்டுமே! அதுக்குத்தானே பாடம் நடத்தறேன். பள்ளிக்கூடத்துல போட்டாப் பாஸ் பண்ண வேண்டாமா?"

அவள் திட்டினாள். அவன் சிரித்தான். கிழிந்த பொம்மையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். தம்பி சிரித்துவிட்டால் அவளால் அதற்கு மேல் கோபப்பட முடிந்ததே இல்லை. அதுதான் அவள் வாழ்நாளெல்லாம் செய்த பிழை.

பொம்மை அவள் கடையில் தையலுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில்தான் அது நடந்தது.

குடோனில் டீ போடும் அடுப்புக்குச் சிலிண்டர் வந்தது. வழக்கமாக அதை மூடிய கேட்டுக்கு வெளியிலேயே வைத்து மணி அடித்துவிட்டுப் போய்விடுவார் சிலிண்டர்காரர். அன்று லாரி வெளியே போன கையோடு கேட் திறந்தே கிடந்தது. தம்பி எதிர்க்கடைக்குப் போயிருந்தான். சுமையோடு நிற்பானேன் என்று, பஞ்சு வைத்த சட்டையையும் மீறி வலது தோள் சரிய, மனிதர் உள்ளே நடந்துவிட்டார்.

பின்பக்கம் இரும்பு பிரித்துக்கொண்டிருந்த வேலைக்காரர்கள் எதையும் கேட்கவில்லை. குரைப்பு இல்லை, அலறல் இல்லை. சிமெண்டுத் தரையில் ஒரு சிலிண்டர் உருண்டு வரும் சத்தம் மட்டும் கேட்டது. அது மெல்ல உருண்டு உருண்டு வந்து, அவர்கள் காலடியில் முட்டி நின்றது. அப்புறம்தான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தெருவே உறைந்துபோனது. நாயைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றும்போதும் அது முரண்டு பண்ணவில்லையாம். வேலைக்காரர்கள் அத்தனை பேரும் அதன் முன்னால் தினம் நடமாடியவர்கள். எடைபோட வந்தவர்கள், லாரிக்காரர்கள், குழந்தைகள் யாரையும் அது ஏறெடுத்துப் பார்த்ததில்லை. "இவரை மட்டும் ஏன்?" என்று சலூனில், டீக்கடையில், பேருந்து நிறுத்தத்தில் எல்லாரும் கேட்டார்கள். பதில் டெய்லர் அக்காவின் கடை மூலையில், ஒரு பழைய விரிப்புக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. அது அவளுக்கே அப்போது தெரியாது.

இன்ஸ்பெக்டரம்மா விசாரிக்க வந்தாள். நிதானமாகப் பேசுகிற பெண்.

"நாயைக் கோர்ட்டுல நிறுத்த முடியாதும்மா. வளர்த்தவரைத்தான் நிறுத்தணும். அது ஆளைக் கொல்லும்னு அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அதான் கேள்வி. தெரியாம, கவனக்குறைவா விட்டிருந்தா தண்டனை கம்மி. ஆள் மேல பாயப் பழக்கிட்டு, கட்டாமலும் விட்டிருந்தா, அவரே கையால செஞ்ச மாதிரி. உங்க தம்பி, அது செல்லமா வளர்த்த நாய், ஒண்ணுமே பழக்கலன்னு சொல்றார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

டெய்லர் அக்கா ஊசியில் நூல் கோத்தாள். கோத்த நூலை உருவினாள். மறுபடி கோத்தாள்.

"எனக்கென்ன மேடம் தெரியும். நான் உண்டு, என் மெஷின் உண்டு."

இன்ஸ்பெக்டரம்மா போனாள். பொய் சொல்லிய வாய் அன்றெல்லாம் கசந்தது. இருந்தாலும் தம்பியல்லவா? அட்டைப் பெட்டியில் கை காலை உதறிக்கொண்டு கிடந்த பிள்ளையல்லவா?

மறுநாள் காலை வாசலில் ஒரு தோள் வந்து நின்றது. மெலிந்த, கூனிய தோள். சிலிண்டர்காரரின் மனைவி.

"அக்கா, அவரு தைக்கக் குடுத்த சட்டை ரெடியா?"

டெய்லர் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இருக்கும்மா. உக்காரு."

"கடைசியா போட்டிருந்ததை ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்கிட்டாங்க. கேஸுக்கு வேணுமாம். இது அவரு போட்டுப் பாக்காததுதான். ஆனாலும் அவரு அளவுதானேக்கா? பக்கத்துல வச்சுப் படுத்துக்கலாம்."

சட்டையை எடுக்க டெய்லர் அக்கா முக்காலி மேல் ஏறினாள். மின்விசிறிக் காற்றில் மூலையிலிருந்த விரிப்பு நழுவி விழுந்தது. பொம்மை சுவரைப் பார்த்து நின்றது, இவர்களுக்கு முதுகைக் காட்டி.

"என்னங்க..."

அந்தக் குரலைக் கேட்டு டெய்லர் அக்கா முக்காலியிலேயே அசையாமல் நின்றுவிட்டாள். வீட்டுக்குள் வேலையாக இருக்கும் கணவனை, சமையலறையிலிருந்து கூப்பிடும் குரல் அது. அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அந்தப் பெண் எழுந்து இரண்டடி நடந்தும்விட்டாள். அப்புறம்தான் சுயநினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பைத்தியம் பிடிச்சிருச்சுக்கா எனக்கு. பின்னாலேர்ந்து பார்த்தா அவரு நிக்கிற மாதிரியே இருக்கு. அந்தத் தோளு... அப்படியே."

டெய்லர் அக்கா பார்த்தாள். ஆணியில் தொங்கும் காகிதத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள், கையிலிருக்கும் சட்டையைப் பார்த்தாள். ஒரே துணி. ஒரே அகலம். பஞ்சை எடுத்தால் ஒரே சரிவு. ஐயோ! என்ன காரியம் செய்துவிட்டோம்! அந்த நாய்க்குத் திருடனைக் காட்டவில்லை. இந்த மனிதரையல்லவா காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறது அவள் கை?

"இது யாருக்குக்கா?"

"பொம்மைம்மா... சும்மா ஒரு பொம்மை."

"கழுத்துல ஏன் இப்படிக் கிழிஞ்சிருக்கு?"

டெய்லர் அக்கா இறங்கி வந்து சட்டையை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கணவனின் கழுத்தைப் பார்த்தவள் அந்தப் பெண். பொம்மையை நெடுநேரம் பார்த்தாள். சட்டையை வாங்கி மார்போடு அணைத்தபடி, பொம்மைக்கு முதுகைக் காட்டாமல், பின்னுக்கே நடந்து வாசலைத் தாண்டினாள்.

அவள் போன சற்று நேரத்தில் தம்பி வந்தான். கடைக் கதவைப் பாதி சாத்தினான்.

"அக்கா, அதை எடு. பின்னாடி வச்சுக் கொளுத்திடலாம். இது ஒண்ணு மட்டும் இல்லைன்னா எனக்குப் பெரிசா ஒண்ணும் வராதுன்னு வக்கீல் சொல்லிட்டார்."

"இது யாருன்னு தெரியுமாடா உனக்கு?"

"யாருன்னா? பொம்மை."

"நல்லாப் பாரு. சிலிண்டர்காரர் அளவு. அவர் சட்டைத் துணி. அந்தத் தோளைப் பாருடா."

தம்பி பார்த்தான். முகம் வெளிறியது. சுவரில் கை ஊன்றிக்கொண்டான். ஆனால் மறுகணமே பொங்கினான்.

"நானா வெட்டினேன்? நீதானே வெட்டினே! ஏதோ ஒரு ஆள்னுதானே சொன்னேன்? வெளிய சொன்னா நீயும்தான் உள்ள போவே!"

"போறேன்."

அந்த ஒற்றைச் சொல் அவனை உடைத்தது. சடாரென்று தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகம் புதைத்தான். "அக்கா, அம்மா முகமே எனக்குத் தெரியாது. எனக்கு அம்மான்னா நீதான். என் பொண்ணை நினைச்சுப் பாருக்கா. கொலைகாரன் மகள்னு சொல்லுவாங்களேக்கா..."

அவள் கை தானாக அவன் தலையைக் கோதியது. எத்தனை கோபம் இருந்தாலும் அந்தத் தலையின் சூட்டுக்கு முன்னால் அவள் யார்? கண்ணீர் வழிந்தது.

"எரிச்சா புகை காட்டிக் குடுத்துடும். நானே பிரிச்சுத் துண்டு துண்டாக்கிடறேன். நீ போ."

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று, பழைய சிரிப்போடு திரும்பினான்.

"எல்லாம் முடியட்டும்க்கா. இந்த மேனேஜர் போனா என்ன, இன்னொரு மேனேஜர் வந்துட்டுப் போறார். அப்ப வேற ஒரு அளவுல தைச்சுக்கலாம்."

வக்கீலோடு போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போடும் வேலை இருக்கிறது என்று அவன் போய்விட்டான்.

டெய்லர் அக்கா பொம்மையைக் குப்புறக் கிடத்தி முதுகுத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். உள்ளிருந்து துணிகள் வெளியே வந்தன. சலூன்காரரின் மேலங்கித் துண்டு. நர்ஸ் பெண்ணின் வெள்ளைத் துண்டு. பள்ளிச் சீருடைத் துண்டுகள். தெருவில் இருக்கிற எல்லாரும் அந்த வயிற்றுக்குள் இருந்தார்கள். கழுத்துக்குப் பக்கத்தில் திணித்திருந்த ஒரு பூப்போட்ட துண்டு விரலில் தட்டுப்பட்டது. தம்பி மகளின் கவுன் தைத்த மிச்சம். அதில் வரிசையாக ஓட்டைகள். பல் இறங்கிய ஓட்டைகள்.

வேற ஒரு அளவுல தைச்சுக்கலாம்.

பிரிப்பு ஊசியைக் கீழே வைத்தாள். கடைக்குள் சத்தமே இல்லை. குப்புறக் கிடந்த பொம்மை மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முடிவுக்காகக் காத்திருப்பது போலிருந்தது. துணிகளை ஒன்றுவிடாமல் உள்ளே வைத்து, பிரித்த முதுகை மறுபடி தைத்தாள். கழுத்தை மட்டும் தொடவில்லை. பொம்மையின் கையைத் தன் தோள் மேல் போட்டு, இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"ஐயோ, யாருக்கு என்னாச்சுக்கா? மயக்கமா?" என்று சலூன்காரர் கத்திரியோடு ஓடி வந்தார். முன்பக்கம் வந்து, முகமில்லாத தலையைப் பார்த்தார். விலகி வழிவிட்டார். அவருக்குப் பின்னால் தெருவே வழிவிட்டது.

போலீஸ் நிலையத்து பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். அவள் தோளில் சாய்ந்திருந்ததைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, வேணாம்..."

அவள் நிற்கவில்லை. உள்ளே போய் இன்ஸ்பெக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டது, நாய் கழுத்தைக் கவ்வியது, அவன் இறைச்சி போட்டது, சங்கிலியில் போடச் சொன்னபோது, கடிக்கட்டுமே என்று சிரித்தது. முந்தின நாள் தான் சொன்ன பொய்யையும் சொன்னாள்.

"அளவு போட்டதும் நான்தான் மேடம். அது அவர் அளவு."

இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா நின்றது. கொஞ்ச நேரம் பொம்மையின் தோளையே பார்த்தாள். "நீங்க வேணும்னு செய்யலியேம்மா. கேஸுக்கு அது தேவைப்படாது."

"அவர் சம்சாரம் கோர்ட்டுக்கு வரும்ல மேடம்? அதுக்குத் தெரியணும். எழுதிக்குங்க."

எழுதினாள். டெய்லர் அக்கா கையெழுத்துப் போட்டாள். தம்பியைக் கைது செய்யச் சொன்னதும் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு கான்ஸ்டபிள் பொம்மையின் மணிக்கட்டில் சாட்சிப் பொருள் என்று சீட்டு கட்டினார். அதை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பெஞ்சில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

தம்பி நகர்ந்தான். இறங்கிய வலது தோளோடு பொம்மை மெல்லச் சரிந்து, களைத்துப் போன மனிதன் போல் அவன் மேல் சாய்ந்தது. பெஞ்சின் விளிம்புவரை நகர்ந்துவிட்டான். அதுவும் கூடவே சரிந்தது. கையால் தள்ள அவனுக்குத் துணிவில்லை.

"அக்கா... இதை எடுக்கச் சொல்லேன்..."

இன்றுவரை அந்தக் குரலுக்கு அவள் மறுப்புச் சொன்னதில்லை. வந்தாள். விளிம்பில் மிச்சமிருந்த இடத்தில், அவனுக்கு மறுபக்கம் ஒண்டி உட்கார்ந்தாள். சில்லிட்டிருந்த அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவன் அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

கோர்ட்டுக்குப் போக வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேஜையிலிருந்த இன்னொரு கான்ஸ்டபிள் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுத்தார்:

"மூணு பேரும் எழுந்திரிங்க. வண்டி வந்தாச்சு."